கணினி கேள்வி பதில்: அறிவிப்பு வேர்ட்பிரஸ்ஸில், கணக்கு ஜாவாவில்

கேள்வி: எங்கள் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுக் கழகத்தின் சேமிப்பு, கடன் கணக்குகள் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஜாவா செயலியில் உள்ளன. பொதுக்கூட்டத் தேதி மாறினால்கூட நிரலைத் திருத்திச் செயலியை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. கிராணியே அறிவிப்பு போடும்படி, நிரல் எழுதாமலே இணையப் பக்கம் போட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை இதோடு இணைக்கலாமா? அல்லது ஜாவாவில் எழுதிய மென்பொருள்தான் வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தாராளமாக இணைக்கலாம். ஜாவா செயலிகள் உள்ளடக்கத்தைச் சேமித்து ஆள்வதற்கென்றே 2005-இல் ஜேசிஆர் என்ற தரம் வந்தது. அப்பாச்சி ஜாக்ரேபிட் அதைச் செயல்படுத்துகிறது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் பதிப்பு வரலாற்றோடு வைத்திருப்போருக்கு அது பொருந்தும். வாரம் நான்கு அறிவிப்பு போடும் கழகத்துக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

வேர்ட்பிரஸ்ஸைத் தனிச் சர்வரிலோ தனித் துணைமுகவரியிலோ வையுங்கள். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து, பிற செயலிகள் அதன் உள்ளடக்கத்தைக் கேட்டுப் பெறும் வழியான ரெஸ்ட் ஏபிஐ அதனுடனேயே வருகிறது. வெளியிட்ட அறிவிப்புகளை ஜேசன் என்ற எளிய உரை வடிவில் கடவுச்சொல் இல்லாமலே படிக்கலாம். எத்தனை வேண்டும் என்று கேட்காவிட்டால் ஒரு முறைக்கு 10 பதிவுதான் தரும். கேட்டாலும் 100-க்கு மேல் தராது. சுருக்குவழி என்று நினைத்து வேர்ட்பிரஸ் தரவுத்தள அட்டவணைகளை ஜாவாவிலிருந்து நேரடியாகப் படிக்காதீர்கள். பக்கத்தைக் காட்டும்போது பிளகின்கள் (கூடுதல் வசதிக்கான துணைநிரல்கள்) செய்யும் மாற்றம் அங்கே இருக்காது. அரைகுறை உரைதான் கிடைக்கும்.

பலரும் கோட்டை விடும் இடம் காத்திருப்பு நேரம். ஸ்பிரிங்கில் வேறு சர்வரிடம் தகவல் கேட்கும் கருவியான ரெஸ்ட்டெம்ப்ளேட்டை வெறுமனே உருவாக்கினால் அதற்குக் கால வரம்பே கிடையாது. உங்கள் செயலியை இயக்கும் இணையச் சர்வரான டாம்கேட்டின் இயல்பு அமைப்பில், ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் திரெட்கள் 200. வேர்ட்பிரஸ் இறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, உடனே பிழை வரும். பதில் சொல்லாமல் தொங்கினால்தான் ஆபத்து: முகப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும் ஒரு திரெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். 200-ம் நிறைந்ததும், கடன் பாக்கி பார்க்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது. எதுவும் தோற்கவில்லை, எல்லாம் காத்திருக்கிறது என்பதால் லாகிலும் (செயலியின் நிகழ்வுப் பதிவு) பிழை தெரியாது. இணைப்புக்கு 1 வினாடி, படிக்க 2 வினாடி என்று வரம்பு போடுங்கள்.

அதோடு, வந்த அறிவிப்பை நினைவகத்தில் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஃபைன் கேஷ் ஒன்று வேண்டும். எழுதிய 10 நிமிடத்தில் காலாவதியாகும்படி வைத்தால், வேர்ட்பிரஸ் படுத்திருக்கும்போது அறிவிப்புப் பகுதி காலியாகிவிடும். மாறாக, எழுதிய 10 நிமிடத்துக்குப் பின் புதுப்பிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். புதுப்பிப்பு தோற்றாலும் பழைய அறிவிப்பு நிற்கும். செயலியை மறுபடி தொடங்கினால் நினைவகம் வெறுமையாகும் என்பதால், கடைசியாக வந்த நல்ல நகலைக் கோப்பிலும் எழுதி வையுங்கள்.

அறிவிப்பின் உடல் எச்டிஎம்எல்லாக வரும். ஜாவா செயலியின் பக்கங்களை வடிக்கும் தைம்லீஃபில் சாதாரண உரையாகக் காட்டினால் பத்திக் குறிகள் அப்படியே திரையில் தெரியும். தப்பிக்க, அப்படியே எச்டிஎம்எல்லாகக் காட்டும் கட்டளைக்கு மாறுவார்கள். அதற்கு முன், எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் ஜேசூப் நிரலகம் கொண்டு, பத்தி, இணைப்பு, பட்டியல் தவிர மற்றதை நீக்குங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். கிராணியின் கடவுச்சொல் களவுபோனால், அறிவிப்புக்குள் ஒளித்த ஸ்கிரிப்ட் உறுப்பினரின் கணக்குப் பக்கத்திலேயே ஓடும்.

கேள்வி: இப்படி இணைத்த எங்கள் செயலியில் மடிக்கணினியில் தமிழ் சரியாக வருகிறது, சர்வரில் குப்பையாக வருகிறது. ஏன்?
– வாசகர், பீடோர், பேராக்

பதில்: எந்தக் குப்பை என்று முதலில் பாருங்கள். மேற்குறி போட்ட லத்தீன் எழுத்துகள் என்றால் பெரும்பாலும் தரவு நலமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் பிழை. ஜாவா 17 வரை இயல்பான எழுத்துக் குறியீடு (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) இயங்குதளத்தைப் பொறுத்தது. 18-இல்தான் தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் பொருந்தும் யூடிஎஃப்-8 இயல்பானது. பைட்டுகளைச் சரமாக்கும் இடங்களில் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் என்றால், பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்திருக்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணை, தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1 குறியீட்டில் இருக்கிறதா பாருங்கள்; யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றி, இணைப்பின் குறியீட்டையும் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட அறிவிப்புகள் மீளாது, அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.