கம்யூனிட்டி காலேஜில் பின்தங்கும் மாணவர்கள்: கேள்வி பதில்

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டுப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) பாடம் எடுக்கும் நம்மவர்கள் கேட்டவை.

கே: மேடம், இயற்கணித வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னமே வராது. ஒரு செமஸ்டர் அடிப்படைக் கணக்கு படித்துவிட்டு வரச் சொல்லலாமா?

ப: வேண்டாம். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் இல்லாத அந்த அடிப்படை வகுப்புகளிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். பாஸானவர்களிலும் பலர் அடுத்த வகுப்பில் சேர்வதில்லை. அதனால்தான் டென்னசி மாநிலம் 2015-லேயே கல்லூரிப் பாடத்தையும் துணை வகுப்பையும் ஒரே செமஸ்டரில் வைத்தது. ஆனால் துணை வகுப்பில் பழைய பாடத்தை ஆதியிலிருந்து நடத்தினால் வீண். வியாழக்கிழமை நேர்கோட்டின் சாய்வு என்றால், செவ்வாய்க்கிழமை குறை எண் கழித்தல் மட்டும். (−2, 5), (4, −7) கொடுத்துப் பாருங்கள். 4 − (−2) என்பதை 2 என்று எழுதுவார்கள். −2 வரவேண்டிய சாய்வு −6 ஆகிவிடும். சாய்வு புரியாமல் இல்லை, கழித்தலில்தான் சறுக்கல்.

கே: அக்கறையே இல்லை. ஆபீஸ் ஹவருக்கு (மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்க ஆசிரியர் ஒதுக்கும் நேரம்) ஒருத்தரும் வருவதில்லை.

ப: "சந்தேகம் இருந்தால் வாங்க" என்றால் வரமாட்டார்கள். குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர், அது உங்கள் சொந்த வேலைக்கான நேரம் என்று நினைத்துக்கொள்வார். இரண்டாம் வாரத்துக்குள் ஆளுக்குப் பத்து நிமிடம் குறித்துக் கொடுங்கள், வந்தால் மதிப்பெண். வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறார், எப்படி வந்து சேருகிறார், புத்தகம் வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். மூன்று கிரெடிட் பாடத்துக்கு வகுப்புக்கு வெளியே வாரம் ஆறு மணி நேரம் வேண்டும். அந்த ஆறையும் அவர் கையாலேயே அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள். இடமே கிடைக்கவில்லையென்றால் குறை அக்கறையில் இல்லை.

கே: மிட்டெர்மில் தோற்றவரைப் பாடத்தை டிராப் பண்ணச் சொல்லலாமா?

ப: நிதி உதவி அலுவலகத்தைக் கேட்காமல் சொல்லாதீர்கள். பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த மாணவருக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) வாங்குபவர், பெரும்பாலான கல்லூரிகளில், எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது முடித்தாக வேண்டும். பாதியில் விட்ட பாடத்துக்கு விழும் டபிள்யூவும் எடுத்த கிரெடிட் கணக்கில் சேரும். செமஸ்டர் 60 சதவீதம் தாண்டுமுன் எல்லாப் பாடத்தையும் விட்டால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட நேரலாம். உண்மையில் மிட்டெர்ம் வரை காத்திருப்பதே தாமதம். முதல் வாரத்திலிருந்தே சின்ன டெஸ்ட் வையுங்கள். இரண்டைத் தவறவிட்டவருக்கு அன்றைக்கே போன் போகட்டும்.

கே: இதற்கெல்லாம் பலன் உண்டா?

ப: நிச்சயம் உண்டு. நியூயார்க் நகரின் அரசுப் பல்கலைக்கழகமான கியூனி 2007-ல் தொடங்கிய ஏசாப் என்ற மாணவர் ஆதரவுத் திட்டத்தில் முழுநேரப் படிப்பு கட்டாயம். ஆலோசகர், புத்தக உதவி, பஸ்-ரயில் பயண அட்டை எல்லாம் உண்டு. அடிப்படை வகுப்பு தேவைப்பட்டவர்களிடம் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வில், மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் இத்திட்டத்தில் 40 சதவீதம், மற்றவர்களில் 22. ஆலோசகரைத் தவறாமல் பார்த்தால்தான் பயண அட்டை. உங்கள் கல்லூரி இதைப் பின்பற்றினால் அந்த நிபந்தனையை மட்டும் தளர்த்த விடாதீர்கள்.