கொள்கை ஆய்வுகூடத்திடம் கேள்வி கேட்பது யார்?

அன்பின் ஐயா,

கொழும்பில் ஒரு ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். விஞ்ஞான, புத்தாக்கக் கொள்கைக்கென ஒரு ஆய்வுகூடம் அமைக்கப் பத்தாண்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு எங்களுக்கு வந்திருக்கிறது. அரசு ஒரு முடிவை நாடு முழுக்கக் கொண்டுபோவதற்கு முன் சிறிய அளவில் பரீட்சித்துப் பார்க்கிற இடம் அது. “இலங்கையில் ஆய்வுகூடங்களுக்குக் குறைவில்லை” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கேலியா? எங்கள் திட்டத்தில் என்ன இருக்கவேண்டும்?

– வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

பாதி கேலிதான். மற்றப் பாதியைச் சொல்ல 2021ஐ விட்டால் வேறு வழியில்லை. ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள், மே மாதம் வர்த்தமானி வந்தது, நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது.

அதற்குப் பதிலாகக் கூட்டெரு போன்ற சேதனப் பசளையைப் போடச் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். பயிருக்கு முக்கியமாக வேண்டிய சத்து நைதரசன். யூரியாவில் அது 46 வீதம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கூட்டெருவில் நைதரசன் ஒன்றிரண்டு வீதம்தான். தாராளமாக இரண்டு என்றே வைத்தாலும் அதே 23 கிலோவுக்கு 1,150 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு ஆள் தோளில் தூக்கிப்போகும் மூட்டைக்குப் பதிலாக ஒரு தொன்னுக்கு மேல்! அதையும் வயலில் கொட்டியவுடன் பயிர் எடுத்துக்கொள்ளாது, உக்கி மெல்ல மெல்லத்தான் கொடுக்கும். ஓ.எல். படிக்கிற பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அது 1925இல் தொடங்கியது. விவசாயப் பேராசிரியர்கள் பகிரங்கமாகவே எச்சரித்தார்கள். அறிவு இல்லாமல் போன கதை இல்லை இது. முடிவெடுத்தவர்கள் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை.

ஆலோசனை சொல்வதற்கென்றே ஒரு அமைப்பும் நம்மிடம் உண்டு. 1994ஆம் ஆண்டின் விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய விஞ்ஞான தொழில்நுட்ப ஆணைக்குழுவைச் சொல்கிறேன். ஆலோசனை சொல்ல ஆள் இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவர் வேண்டும். ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் தொலைநோக்கு, பணிக்கூற்று எல்லாம் வேண்டாம். எந்த அமைச்சு, எந்த வகையான முடிவுக்கு முன், எத்தனை மாதம் முன்னதாக உங்களிடம் வந்தாக வேண்டும், வராவிட்டால் யார் பதில் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால் மிச்சப் பக்கங்களுக்கு மினக்கெடாதீர்கள்.

அப்புறம், மூடுவிழா. சிரிக்காதீர்கள். டென்மார்க் அரசின் மைண்ட்லாப் என்ற கொள்கை ஆய்வுகூடம் 2002இல் தொடங்கியது, உலகமெங்கும் இருந்து ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம், 2018இல் மூடினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றம் 1972இல் அமைத்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்கு 1995இல் அதே பாராளுமன்றம் பணத்தை நிறுத்தியது. ஆனால் அதன் அறிக்கைகளை ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, இன்றும் எடுத்து வாசிக்கலாம். இங்கே நிலைமை தெரியும்தானே? நன்கொடையாளரின் காசு முடிந்தால் திட்ட அலுவலரும் போவார், அவருடைய மடிக்கணினியும் போகும். பிறகு வருகிறவர் அதே ஆட்களைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்பார். எந்தச் சோதனை ஏன் சரிவரவில்லை என்ற குறிப்புகள் எந்த நூலகத்தில், எந்த மொழிகளில் கிடைக்கும் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். வெற்றிக் கதைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றைத் தூதரகங்களே அச்சடித்துவிடும்.

செயலமர்வுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டலில் மஞ்சள், இளஞ்சிவப்புத் தாள்களைச் சுவரில் ஒட்டி, மதியம் பஃபே சாப்பிட்டுக் கலைகிற கூட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் வரமாட்டார். நீங்கள்தான் பஸ் ஏறவேண்டும்.

பணம் குறைவாகத்தான் இருக்கும். ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டித்தான். அதனால் முதல் வருடம் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். கூட்டெருவையே எடுக்கலாம்: யூரியாவில் எவ்வளவைக் குறைத்தால் விளைச்சல் தாங்கும், எந்த மண்ணில், எந்த நெல்லில். அந்தக் கேள்வி அமைச்சின் செயலாளர் கையெழுத்தோடு உங்கள் மேசைக்கு வரட்டும். அதுவரை ஆள் எடுக்காதீர்கள், கட்டடமும் பார்க்காதீர்கள்.