பிஸ்கட் கொடுத்த வார்டர் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிறையில் இருந்தவர்களின் எழுத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். குற்றவாளியின் கண்ணீருக்கு நாம் உருகுகிறோம், சரி. அவனால் செத்தவரை யார் நினைக்கிறார்கள்? இந்த எழுத்தால் ஒரு சட்டமாவது மாறியிருக்கிறதா?

மு. கலைச்செல்வன், கரூர்

அன்புள்ள கலைச்செல்வன்,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்து எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் இரண்டு வருடக் கடுங்காவல் முடிந்து 1897 மே மாதம் வெளியே வந்தார். வந்த சில நாட்களிலேயே லண்டனின் ‘டெய்லி கிரானிக்கிள்’ நாளிதழுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். எழுதியது தன் கஷ்டத்தை அல்ல, மார்ட்டின் என்ற வார்டரைப் பற்றி.

வைல்ட் இருந்த இங்கிலாந்தின் ரெடிங் சிறையில் மூன்று பிள்ளைகள். முயல் பிடித்ததற்கு அபராதம் கட்ட முடியாமல் உள்ளே வந்தவர்கள். அதில் கடைக்குட்டிக்கு அளவான சிறை உடுப்பே கிடைக்கவில்லை. காலையில் கொடுத்த ரொட்டி அவனுக்கு இறங்கவில்லை, பசியில் அழுதான். பொறுக்காமல் மார்ட்டின் வெளியே போய்க் கொஞ்சம் பிஸ்கட் வாங்கிவந்து கொடுத்தார். பையனுக்கு ஒரே சந்தோஷம். இவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா என்று பெரிய வார்டரிடமே போய்ச் சொல்லிவிட்டான். மார்ட்டினுக்கு வேலை போயிற்று.

1898 மார்ச்சில் சிறைச் சட்ட மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தபோது வைல்டின் இரண்டாவது கடிதம் வந்தது. பசி, தூக்கமின்மை, நோய் என்று உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்கிறார். சிறை ஆய்வாளர்களால் பயனில்லை, விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க மட்டுமே வருகிறார்கள் என்கிறார். அந்த வருடமே சட்டம் நிறைவேறியது. கசையடிக்குக் கட்டுப்பாடு வந்தது, நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு வந்தது. வைல்டால்தான் எல்லாம் என்று சொல்லமாட்டேன். சிறைகளை ஆராய்ந்த கிளாட்ஸ்டன் குழு 1895இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் அந்தக் குழுவில் யாரும் அப்படி ஒரு பையனைக் கைதியாக உள்ளே இருந்து பார்த்தவர்கள் இல்லை.

இதே வைல்ட் சிறைக்குள் தன்னைப் பற்றி எழுதிய ‘டி புரொஃபண்டிஸ்’ இலக்கியமாகப் பெரியது. சட்டத்துக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது என் எண்ணம். எழுதுகிறவர் தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கும்போதுதான் சிறை எழுத்து வேலை செய்கிறது.

இப்போது செத்தவர்கள். இங்கே நீங்கள் சொல்வது சரிதான். வைல்டின் ‘ரெடிங் சிறைப் பாடல்’ என்ற கவிதை 1896 ஜூலையில் தூக்கில் போடப்பட்ட வூல்ட்ரிட்ஜ் என்ற சிப்பாயைப் பற்றியது. மனைவியைக் கொன்றவன். அவன் வானத்தைப் பார்ப்பதெல்லாம் கவிதையில் இருக்கிறது, லாரா எல்லன் என்ற அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. கொலை நடந்தது தெருவில்; வைல்ட் அதைப் படுக்கைக்கு மாற்றிவிட்டார். கவிதையைவிட அந்த இரண்டு கடிதங்களை நான் மேலாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு எழுதுங்கள்.