பந்தல் திராட்சைக்கு எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பிரேயர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் பந்தலில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். மே கடைசியில் கவாத்து செய்தேன். சாரல் பிடித்ததும் இலையில் எண்ணெய் பட்டது போல மஞ்சள் புள்ளிகள் வந்தன. திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை. சில பூங்கொத்துகள் கருகிவிட்டன. ஹெச்.டி.பி. என்கிற உயர் அழுத்தப் பம்பில் ஓஸ் போட்டு ஏக்கருக்கு 400 லிட்டர் வரை மருந்து அடிக்கிறேன். எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பிரேயர் வாங்கினால் இலையின் அடிப்பக்கத்திலும் மருந்து ஒட்டும், தண்ணீர் பத்தில் ஒரு பங்கு போதும், மருந்தும் பாதி போதும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். முதுகில் மாட்டும் பேட்டரி மாடல் ஒன்று, டிராக்டரில் மாட்டுவது ஒன்று காட்டினார். வாங்கலாமா? எதை வாங்குவது?

பதில்: இந்தப் பருவத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். கருவி பொய் என்று சொல்லவில்லை. அது வேலை செய்யும் கருவிதான். ஆனால் உங்களுக்கு இப்போது இருக்கும் தொல்லைக்கு அது மருந்தில்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். தெளிப்பு முனையில் தண்ணீர் துளியாகச் சிதறும் இடத்தில் ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும். அதற்கு ஏறக்குறைய 1,000 வோல்ட் கொடுத்திருப்பார்கள். அதைக் கடந்து வரும் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் மின்னூட்டத்தோடு வெளியேறும். எல்லாத் துளிகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரவும். செடியோ மண்ணில் வேரூன்றி நிற்கிறது, அதாவது எர்த் ஆகியிருக்கிறது. துளி நெருங்க நெருங்க இலையில் எதிர் மின்னூட்டம் தூண்டப்பட்டு, இலை அதை இழுத்துக்கொள்ளும். இலையைத் தாண்டிப் போகவிருந்த துளிகூடத் திரும்பி வந்து பின்பக்கத்தில் ஒட்டும். ‘அடிப்பக்கமும் ஒட்டும்’ என்று விற்பனையாளர் சொல்வது இதைத்தான்.

இந்த இழுவிசை பெரிய துளியை அசைக்காது. அதனால் துளியை 30 முதல் 60 மைக்ரான் அளவுக்குப் பொடியாக்குகிறார்கள். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். இவ்வளவு சின்னத் துளி வறண்ட வெயிலில் சில நொடிகளில் ஆவியாகிவிடும், லேசான காற்றுக்கே பறந்துவிடும். இன்னொரு விஷயம், இழுவிசை இலைக்கு மிக அருகில்தான் வலுவாக இருக்கும். கடைசிச் சில சென்டிமீட்டர் அதன் வேலை. அதுவரை துளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்றின் வேலை.

நம் ஊரில் பீரோவுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். அதுவும் இதே தத்துவம்தான். துப்பாக்கியில் 60,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, மின்னேற்றிய பவுடரை எர்த் செய்த தகட்டில் ஒட்டவைத்து, பிறகு சூளையில் உருக்குவார்கள். வெளித்தகடு அழகாக வந்துவிடும். உள்மூலையில்தான் பவுடர் போகாது. விளிம்பும் முனையும் முதலிலேயே இழுத்துக்கொள்ளும். உள்ளே குழிந்த இடத்துக்கு மின்புலமே எட்டாது. அதற்காக வோல்ட்டைக் குறைத்துத் தனியாக ஒரு கை அடிப்பார்கள். ஃபாரடே கூண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். செடியில் அந்த மூலைக்கு இணையானது அடர்ந்த இலைக்கூட்டத்தின் உட்பகுதி.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரொனால்ட் காஃபி என்பவர் ‘எலக்ட்ரோடைன்’ என்ற கைத்தெளிப்பானை உருவாக்கினார். டார்ச் பேட்டரியில் ஓடும்; பம்பு கிடையாது, அசையும் பாகமே கிடையாது. எண்ணெய் கலந்த மருந்து பாட்டிலோடு வரும். பருத்திக்குப் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். வெளி இலைகளில் அருமையாகப் படிந்தது, செடியின் உள்ளே சரியாக இறங்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லா, மின்னேற்றத்தோடு அழுத்தக் காற்றையும் சேர்த்த முனையை வடிவமைத்தார். இன்று வயலில் உருப்படியாக வேலை செய்யும் கருவிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. நம் நாட்டிலும் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் இதில் வேலை செய்திருக்கிறது. ஆகவே எந்தக் கருவியைக் காட்டினாலும் முதல் கேள்வி, ‘இதில் காற்று எங்கே?’ என்பதுதான். வெறும் பேட்டரி, சின்ன பம்பு, ஒரு உயர் மின்னழுத்தப் பெட்டி மட்டும் உள்ள முதுகு மாடல் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சரி, உங்கள் பந்தலுக்கு வருவோம். இலையின் அடிப்பக்கம் நனைவதுதான் இந்தக் கருவியின் பெரிய பெருமை. பருத்தியிலும் கத்தரியிலும் மேலிருந்து அடிக்கிறோம், அங்கே அது பெருமைதான். பந்தலில் நீங்கள் கீழே நின்று மேல்நோக்கி அடிக்கிறீர்கள். இலையின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்துத்தான் இருக்கிறது! நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அடிச்சாம்பல் நோய்க்கு உரியவை, அந்த நோயும் அடிப்பக்கத்து இலைத்துளை வழியாகத்தான் நுழைகிறது. அப்படியிருந்தும் நோய் ஏறியிருக்கிறது என்றால் கருவியைச் சந்தேகப்படும் முன் வேறு இரண்டைச் சந்தேகப்பட வேண்டும்: கொடி அடர்த்தி, மருந்து அடித்த நாள்.

அதோடு பந்தல் முழுக்க இரும்புக் கம்பி. சாரலில் நனைந்த கல்தூணோடு சேர்ந்து அதுவும் எர்த்தானது. மின்னேற்றிய துளிக்குக் கொடியும் கம்பியும் ஒன்றுதான், கம்பியும் தன் பங்கை இழுத்துக்கொள்ளும். நீங்களும் எர்த்தானவர்தான். தலைக்கு மேலே அடிக்கும்போது, பல மடங்கு அடர்த்தியான மருந்து, மூச்சில் போகும் அளவுக்குப் பொடித்துளி, அதுவும் உங்களைத் தேடி வருகிற துளி. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

‘மருந்து பாதி போதும்’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீரைக் குறைக்கலாம், அது வேறு. ஏக்கருக்கு இவ்வளவு மருந்து என்று லேபிளில் இருப்பதைக் குறைத்தால், அரைகுறையாகத் தப்பும் பூசணம் எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொள்ளும். அடிச்சாம்பல் அதில் கெட்டிக்காரப் பூசணம். தண்ணீரை மட்டும் குறைத்து ஏக்கர் அளவை அப்படியே வைத்தால், 400 லிட்டரில் கரைத்ததை 50 லிட்டரில் கரைக்கிறீர்கள், எட்டு மடங்கு கெட்டி. அதில் ஒட்டு திரவம், நுண்ணூட்டம், கால்சியம் என்று நாலைந்தைக் கலந்தால் இலை கருகும், பழத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சு அழியும். லேபிளில் குறைந்த நீர் அளவுக்கு அனுமதி இல்லாத மருந்தை இப்படி அடிப்பதற்கு நான் பரிந்துரை தர முடியாது.

போர்டோ கலவையை இந்தக் கருவியில் ஊற்றவே வேண்டாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கசடு மெல்லிய முனையை அடைக்கும். வளையத்தைச் சுற்றிப் படிந்து ஈரமானால் மின்சாரம் அந்தப் படிவின் வழியே கசிந்துவிடும். கருவி ஓடிக்கொண்டிருக்கும், விளக்கும் எரியும், துளியில் மட்டும் மின்னூட்டம் இருக்காது. இது வெளியே தெரியாத கோளாறு, அதனால்தான் மோசம். நனையும் தூள் மருந்து எதை அடித்தாலும் அன்றன்றே முனையைக் கழற்றிக் கழுவ வேண்டும். எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

செயல்விளக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு இரும்புக் குழாயை முன்னால் நிறுத்தி அடிப்பார்கள், பின்பக்கமும் நனையும், கூட்டம் அசந்துவிடும். நானும் ஒரு காலத்தில் அசந்திருக்கிறேன். தனியாக நிற்கும் குழாய்க்கு அது நடக்கும், அடர்ந்த கொடிக்கு அப்படியே நடந்துவிடாது. ஆகவே உங்கள் பந்தலிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் பரிசோதனைக் காகிதம் கிடைக்கிறது. அதை வெளி இலையிலும், கொத்துக்குப் பக்கத்திலும், பந்தலுக்கு மேல்பக்க இலையிலும் குத்திவையுங்கள். வெறும் தண்ணீரை ஒருமுறை மின்னேற்றத்தோடும், காகிதம் மாற்றி ஒருமுறை சுவிட்சை அணைத்தும் அடிக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த சுவிட்சுக்கு எதற்குப் பணம்? சாரல் நாளில் இந்தச் சோதனை வேண்டாம், ஈரக்காற்றிலேயே காகிதம் நீலமாகிவிடும். கையும் உலர்ந்திருக்கட்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கம்பி வலையை பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையை வலையிலும், மறுமுனையை ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பியிலும் இணையுங்கள். மைக்ரோ ஆம்பியரில் வைத்து, ஓரடி தூரத்திலிருந்து வலை மேல் தெளியுங்கள். முனை நிமிடத்துக்கு எத்தனை மில்லி விடுகிறதோ, அதை 60ஆல் வகுத்து வரும் எண்ணாவது மீட்டரில் காட்ட வேண்டும். 300 மில்லி என்றால் 5 மைக்ரோ ஆம்பியர். அதற்கும் கீழே என்றால் பெரிதாகப் பலன் இருக்காது.

முதுகு மாடலில் இன்னொன்றையும் பாருங்கள். மருந்துத் திரவத்தை எர்த் செய்ய, தரையில் இழுபடும் கம்பியோ சங்கிலியோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டேங்க், காலில் ரப்பர் பூட்ஸ், எர்த் இல்லை என்றால் மின்னேற்றமும் குறையும், சுரீரென்று ஷாக்கும் அடிக்கும்.

டிராக்டரில் காற்றோடு வரும் மாடல்தான் திராட்சைக்குப் பொருத்தம். நாசிக் பக்கம் திராட்சைக்காரர்கள் இந்த வகையை ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே இருப்பது ஏற்றுமதித் தோட்டம், பெரிய பரப்பு, கொடியை ஒழுங்குபடுத்திய வரிசை. மூன்று ஏக்கருக்குப் பல லட்சம் போட்டால் முதல் திரும்பாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து 20, 30 ஏக்கருக்கு வாங்குவதாக இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் டிராக்டர் உங்கள் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து போகுமா, எத்தனை குதிரைத்திறன் கேட்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மானியப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், விற்பனையாளர் வாயிலிருந்து கேட்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு. நோய் வந்த இலைகளையும் கருகிய கொத்துகளையும் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், பந்தலுக்கு அடியில் போடாதீர்கள். கொத்தில்லாத பலவீனத் தளிர்களைக் கழித்து, கீழே நின்று பார்த்தால் ஆங்காங்கே வானம் தெரியும்படி விடுங்கள். மெட்டாலாக்சில்-மேன்கோசெப் கூட்டு மருந்தையே திரும்பத் திரும்ப அடித்திருந்தால் அதை நிறுத்தி, அடுத்த முறை டைமெத்தோமார்ப் போல வேறு வகைக்கு மாறுங்கள், அளவு லேபிள்படி. பூ விரிந்திருக்கும்போது போர்டோ வேண்டாம். அடுத்த கவாத்திலிருந்து தளிர் சில இலை விட்டதுமே, மழைக்கு முன்னால், 1 சதவீதப் போர்டோவை ஒரு காப்பாக அடித்துவிடுங்கள். புள்ளி தெரிந்த பிறகு அடிப்பது எப்போதும் பின்னால் ஓடுகிற கதை.

அப்புறம், ஸ்பிரே கன் முனையிலுள்ள தட்டை எப்போது மாற்றினீர்கள்? புதுத் தட்டு ஒன்றை வாங்கி, பழையதையும் புதியதையும் அதே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பக்கெட்டில் விட்டு அளந்து பாருங்கள். பழையது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக விட்டால் துளை தேய்ந்துவிட்டது, துளி பெரிதாகி இலையிலிருந்து வழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தட்டின் விலை டீக்கடையில் ஆகும் செலவுதான்.