ப்ளஸ் டூ முடித்த தங்கைக்கு ஊர்ப் பக்கத்திலேயே நர்சிங்: எந்தக் கல்லூரி, எப்படி இடம் வாங்குவது?

கேட்டவர் திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். தங்கை பயாலஜி குரூப்பில் 600-க்கு 447. வெளியூர் விடுதிக்கு அனுப்ப வீட்டில் தயக்கம். பஸ் போகிற தூரத்தில் நாலைந்து நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன, எல்லாரும் ஆள் அனுப்பிவிட்டார்கள். எதில் சேர்ப்பது, பி.எஸ்சி.யா டிப்ளமோவா, 447 போதுமா என்ற பயம் ஒரு பக்கம், வீட்டிலிருந்தே போய்வரலாமா என்பதும் கேள்வி.

தம்பி, கல்லூரிக் கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரிக்கு டூட்டி போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டுக்கு வெவ்வேறு கல்லூரிப் பிள்ளைகள் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வருகிறார்கள். பி.பி. கஃபைக் கையில் சுற்றுகிற விதத்திலேயே, இந்தப் பிள்ளை இதுவரை எத்தனை நிஜ நோயாளியைத் தொட்டிருக்கும் என்று தெரிந்துவிடும். மூன்றாம் வருடம் வந்தும் ஊசி போடக் கை நடுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் அறிவுக் குறைவு கிடையாது. படித்த இடத்தில் நோயாளியே இல்லை, அவ்வளவுதான்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி கல்லூரியின் தாய் மருத்துவமனையில், அதாவது அதன் சொந்த ஆஸ்பத்திரியில், குறைந்தது 100 படுக்கை வேண்டும், மூன்று நோயாளிக்கு ஒரு மாணவி என்ற விகிதம் வேண்டும். காகிதத்தில் எல்லாரிடமும் 100 படுக்கை இருக்கும். கட்டிலில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வார்டு நிரம்புகிற இடங்களும் உண்டு. சொந்த ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லாத தனியார் கல்லூரிகள், பணம் கட்டி அனுமதி வாங்கி, அரசு மருத்துவமனைக்குப் பிள்ளைகளை அனுப்பும். அதில் தப்பே இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிற கேஸ் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகள் ஒரே வார்டில் வந்து இறங்கினால், ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். முன்னால் நிற்பவள் டிரெஸ்ஸிங் செய்வாள். பின்னால் நிற்பவள் அதைப் பார்த்து ரெக்கார்டு எழுதுவாள்.

அதனால் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற மாதிரி விசாரியுங்கள். அட்மிஷன் ஆபீசில் ஏசி அறையில் உட்கார வைத்துப் பொம்மை இருக்கிற லேபைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி.யில் அரை மணி நேரம் உட்காருங்கள். டோக்கன் எண் எவ்வளவு ஓடுகிறது, பிரசவ வார்டில் தொட்டில் எத்தனை இருக்கிறது, குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சாயங்காலம் கல்லூரி பஸ் நிற்கிற இடத்தில், மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ படிக்கிற பிள்ளைகளிடம் தங்கையைப் பேச விடுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகள் அண்ணன்காரனிடம் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். கேட்கச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: லேபர் ரூமில் உங்களைப் பிரசவம் பார்க்க விடுகிறார்களா, ஓரமாய் நிறுத்தி வைக்கிறார்களா? நைட் டூட்டி உண்டா? வார்டுக்கு ட்யூட்டர் மேடம் கூட வருகிறார்களா, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதோடு சரியா? "அக்கா, லேபர் ரூமுக்குள்ள விடவே மாட்டேங்கிறாங்க" என்று ஒரே கல்லூரியில் இரண்டு பேர் சொன்னால் அந்தக் கல்லூரியை மறந்துவிடுங்கள்.

பெயர் சொல்லி இது நல்லது அது மோசம் என்று எழுத மாட்டேன். ஒரு பிரின்சிபால் மாறினால் கல்லூரியே மாறிவிடுகிறது.

உங்கள் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியவை வேறு. "பத்தாவது பாஸா ஃபெயிலா, ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டுகிற இடங்கள். நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட் என்று பெயர் இருக்கும், வெள்ளை யூனிஃபார்மும் உண்டு, தொப்பி போட்டு விளக்கேற்றும் விழாக்கூட நடத்துவார்கள். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் சட்டப்படி நர்ஸ் கிடையாது. சின்ன கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கலாம், அதோடு நின்றுவிடும். கவுன்சில் பதிவுக்கு வழி மூன்றே மூன்றுதான்: இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், தாதி), மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ (பொது நர்சிங், தாதியியல்), நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். கல்லூரி இவற்றில் எதை நடத்துகிறது, இந்த வருடத்துக்கு எத்தனை சீட்டுக்கு அனுமதி என்பதைக் கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் ஒழிய. "அனுமதி வந்துகொண்டிருக்கிறது" என்றால் வந்த பிறகு சேர்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

இன்னொரு ரகமும் இருக்கிறது. வெளி மாநிலத்தில் சேர்த்துவிடுகிறோம், வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்கிற ஏஜென்ட். பெங்களூரில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே படித்த கெட்டிக்காரிகள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். நான் சொல்வது வராமலே பட்டம் தருகிற இடங்களை. ஐ.வி. போடுவதை வீட்டில் இருந்து எப்படிப் படிப்பது?

இனி இடம் வாங்குகிற வழி. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பின், கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு ஒரே விண்ணப்பமாக அறிவிப்பு விடும். அரசு ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு அறிவிப்பும் விண்ணப்பமும் தனி. நிறையப் பேர் ஒன்றுக்குப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் போடுங்கள். இந்தச் சேர்க்கைக்கு நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மார்க்தான். ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. போன்ற சிலவற்றுக்குத்தான் நீட் கேட்பார்கள். வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. 1909-இல் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கிய இடம் அது, 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது. இடம் கிடைத்தால் வீட்டுத் தயக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

447 என்ற மொத்தம் தேர்வுக் குழுவிடம் எடுபடாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் எவ்வளவு என்பதில்தான் ரேங்க் நிற்கிறது. ஆங்கிலம், தமிழில் அள்ளியிருந்தால் அது ரேங்குக்கு உதவாது. அறிவியலில் அள்ளியிருந்தால் உங்கள் பயம் தேவையில்லாதது. பிறகு 69 சதவீத இட ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அருந்ததியர் 3 அதற்குள்), எஸ்.டி. 1. போன வருட ஒதுக்கீட்டுப் பட்டியலை இறக்கி, உங்கள் பிரிவில் எந்த ரேங்க் வரை எந்தக் கல்லூரி போயிருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். எந்த ஏஜென்டும் அதைவிடச் சரியாகச் சொல்லப் போவதில்லை.

இதில் பலருக்குத் தெரியாதது, தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடம் இருக்கிறது என்பது. சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரி என்றால் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம் இடங்கள் கலந்தாய்வு வழியாக வரும். உங்கள் ஊருக்கு ஆள் அனுப்பிய அதே கல்லூரியில், அதே வகுப்பில், கலந்தாய்வு வழியாக உட்கார்ந்தால் கட்டணம் குறைவு. ஆள் அனுப்புகிறவர் இதைச் சொல்ல மாட்டார். "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஐயாயிரம் தள்ளுபடி" என்பார். கலந்தாய்வு முடிகிற வரை நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அவர்களுக்கும் சீட் நிரம்ப வேண்டும், கடைசி வரை கதவு திறந்துதான் இருக்கும்.

2023-இல் மத்திய அமைச்சரவை 157 புது நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது, எல்லாமே 2014-க்குப் பிறகு வந்த அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்தவை. 2022 ஜனவரியில் திறந்த திண்டுக்கல் மருத்துவக் கல்லூரியும் 2014-க்குப் பிறகு வந்ததுதான். ஆகவே பழைய நினைப்பில் மதுரையும் தேனியும் மட்டும் என்று இருக்காமல், இந்த வருடம் வருகிற சீட் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

பி.எஸ்சி.யா ஜி.என்.எம்.மா? அரசு பி.எஸ்சி. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அது கிடைக்காமல், கையில் அரசு ஜி.என்.எம்., இன்னொரு பக்கம் கூட்டமில்லாத தனியார் கல்லூரியின் பி.எஸ்சி. என்று நின்றால், நான் அரசு ஜி.என்.எம். பக்கம். இதற்கு என் தோழிகளே சண்டைக்கு வருவார்கள். பட்டம் பட்டம்தான், வெளிநாட்டுக்கும் மேற்படிப்புக்கும் நேர்வழி அது, மறுக்கவில்லை. ஆனால் பெரியாஸ்பத்திரி வார்டில் மூன்று வருடம் நின்ற பிள்ளைக்குக் கை பழகிவிடும், வீட்டில் கடனும் இருக்காது. பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை இரண்டு பேரும் எழுதலாம். எய்ம்ஸ் தேர்வுக்கு மட்டும், ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். "ஜி.என்.எம்.மை நிறுத்தப் போகிறார்களாமே" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பேச்சு பல வருடமாக ஓடுகிறது, சேர்க்கையும் கூடவே ஓடுகிறது.

பணத்தைப் பற்றி: தனியார் கல்லூரி சொல்கிற கட்டணம் ட்யூஷன் ஃபீஸ் மட்டும். பஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம், கிளினிக்கல் ஃபீஸ், மனநலப் போஸ்டிங்குக்கும் கம்யூனிட்டி போஸ்டிங்குக்கும் வெளியூரில் தங்குகிற செலவு எல்லாம் மேலே ஏறும். நான்கு வருடத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். தங்கை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பஸ் செலவுக்கும் கைச்செலவுக்கும் ஆகும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதற்குக் கலந்தாய்வு வழிச் சேர்க்கையா என்று பார்ப்பார்கள், அதுவும் ஒரு காரணம் அவசரப்பட்டு நிர்வாக சீட் வாங்காமல் இருக்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தின் கடைசி வாரம் போனால் தாலுகா ஆபீசில் நகராது.

அசல் சான்றிதழ்களில் கறாராக இருங்கள். சரிபார்க்கக் காட்டலாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் போட்டு, முத்திரை வைத்த ஒப்புகை வாங்குங்கள். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி படிப்பு முடித்தும், பாண்ட் என்று ஒரு வருடம் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே சொற்பச் சம்பளத்துக்கு நின்றாள். மார்க் ஷீட் அவர்கள் பீரோவில் இருந்தது. சேரும்போதே பாண்ட் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அப்ளிகேஷன் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

வெளிநாடு இப்போது மனதில் இல்லாவிட்டாலும் ஒன்று கேட்டு வையுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு, படித்த காலத்துப் பாட நேரம், கிளினிக்கல் நேரம் எல்லாம் எழுதிய ட்ரான்ஸ்கிரிப்ட் கல்லூரியிலிருந்து வர வேண்டும். முடித்து எட்டு, பத்து வருடம் கழித்துக்கூடத் தேவைப்படும். இடையில் மூடிவிட்ட கல்லூரியில் படித்தவர்கள் அதற்கு அலைகிற அலைச்சல் இருக்கிறதே! பழைய மாணவி யாராவது கிடைத்தால், ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டபோது ஆபீசில் எப்படி நடத்தினார்கள் என்று விசாரியுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் வகுப்பும் லேபும் அதிகம், சமாளிக்கலாம். அப்புறம் காலை டூட்டி என்றால் ஏழு, ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும். உங்கள் கிராமத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். நைட் டூட்டி முடிந்து காலையில் தூங்கி வழிந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வருவதும் பிள்ளைக்குத்தான். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், அப்போது ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் உடம்பு தாங்கும். அதனால் சில கல்லூரிகள் விடுதி கட்டாயம் என்பதைப் பணம் பிடுங்குகிற வேலை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விடுதிச் சாப்பாட்டையும் தண்ணீரையும் மட்டும் அம்மாவை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேருவது உறுதியானதும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறாளா என்று பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உடனே தொடங்குங்கள். மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும், அதற்குள் அவளை வார்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரிகள் வரிசையாக வைக்கப் போகிறீர்கள் என்று கருத்தில் எழுதுங்கள், அந்தப் பிள்ளைகள் எங்கள் பக்கம் போஸ்டிங் வந்திருந்தால் பார்த்ததைச் சொல்கிறேன்.