ஜெனோவாவில் இரண்டு நாள்: கார் வேண்டாம், லிஃப்ட் போதும்

கேள்வி: நாங்கள் மிலானில் வேலை பார்க்கிறோம். ஏப்ரலில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 66, முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார், பால், சீஸ் பரவாயில்லை. ஒரு சனி, ஞாயிறு ஜெனோவா போய்வரலாம் என்று ஆசை. எங்களிடம் கார் இல்லை. ஊர் முழுக்க மேடும் படியும் என்று பயமுறுத்துகிறார்கள். அம்மாவை அழைத்துப்போக முடியுமா?

பதில்: தாராளமாக. கார் இருந்திருந்தால்தான் உங்களுக்குச் சிரமம். பழைய நகரத்தின் பெரும்பகுதியில் வெளியார் கார் நுழையக் கூடாது. எல்லையில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். மீதிப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது போய்விடும். மேடு, படி பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மேட்டில் ஏற ஊர்க்காரர்களே வழி செய்து வைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டால் அம்மா அதிகம் படி ஏற வேண்டியிருக்காது.

ஜெனோவாவை வரைபடமாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ‘300 மீட்டர், 4 நிமிட நடை’ என்று போன் காட்டும் இடம் தலைக்கு மேலே ஏழு மாடி உயரத்தில் இருக்கும். அதனால் இந்த ஊரை ஒரு கட்டடம் மாதிரி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் துறைமுகம். முதல் மாடியில் அரண்மனைத் தெருக்களான வியா பால்பி, வியா கரிபால்டி. இரண்டாம் மாடியில் காஸ்டெல்லெட்டோவும் அதை ஒட்டி மலையிடுப்பில் ஓடும் மேல்சாலையும். மொட்டைமாடிதான் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரீகி. ஒரே மாடியில் இருக்கிறவரை நடங்கள். மாடி மாற வேண்டுமென்றால் லிஃப்டையோ விஞ்சையோ தேடுங்கள்.

விஞ்ச் என்றதும் பழனி நினைவுக்கு வந்தால் சரிதான், அதே சங்கதிதான். கயிற்றில் இழுபட்டு மேலேறும் பெட்டி. இங்கே ‘ஃபுனிகொலாரே’ என்பார்கள். லிஃப்ட் ‘அஷென்சோரே’. இவை சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய வேடிக்கை இல்லை. காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் பொதுப் போக்குவரத்து. பேருந்து, மெட்ரோ, லிஃப்ட், விஞ்ச் எல்லாவற்றையும் நகராட்சியின் ஏ.எம்.டி. நிறுவனமே நடத்துகிறது. எனவே ஆளுக்கு ஒரு 24 மணி நேரச் சீட்டு வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டாம். ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி (சிகரெட், புகையிலை விற்கும்) கடைகளில் கிடைக்கும். காகிதச் சீட்டை முதல்முறை ஏறும்போது இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் பரிசோதகர் அபராதம்தான் எழுதுவார்.

ரயிலிலும் இதே கண்ணிதான். மிலான் சென்ட்ராலேயிலிருந்து ஜெனோவாவுக்கு நேர் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்டர்சிட்டி என்றால் குறித்த இருக்கை, முத்திரை தேவையில்லை. ரெஜியோனாலே எனும் உள்மாகாண ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் குத்த வேண்டும். போனில் எடுத்தால் ‘செக்-இன்’ தட்ட வேண்டுமா என்று ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டிய நிலையம் பியாட்சா பிரின்ச்சிபே. பிரிஞோலே என்ற இன்னொரு நிலையம் நகரத்தின் மறுமுனை. இரண்டுக்கும் நடுவே ரயிலில் சில நிமிடங்கள்தான், ஆனால் உங்கள் சனிக்கிழமைத் திட்டம் பிரின்ச்சிபேயில் தொடங்குகிறது.

அறையை எங்கே பிடிப்பது? வியா பால்பிக்கும் போர்டெல்லோ சதுக்கத்துக்கும் நடுவில், அதாவது நம் கணக்கில் முதல் மாடியில். பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: ‘லிஃப்ட் தெருமட்டத்திலிருந்து தொடங்குகிறதா?’ இங்குள்ள சிறு விடுதிகள் பலவும் பழைய மாளிகைகளின் நான்காம், ஐந்தாம் தளத்தில் இருக்கும். லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் இருபது படி ஏறிய பிறகுதான் அது தொடங்கும். துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் வாடகை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். கற்பாளத் தரையில் சூட்கேஸ் சக்கரம் உருளாது, இரவில் வியா பிரே, மத்தலேனா பக்கச் சந்துகள் அவ்வளவு நிம்மதியாகவும் இருக்காது.

சனிக்கிழமை

பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு வியா பால்பியில் இருக்கும் மொன்டெகல்லெட்டோ லிஃப்டுக்குப் போங்கள். ஊரிலேயே விசித்திரமான வண்டி இதுதான். கதவு மூடியதும் பெட்டி மேலே போகாது. மலையின் வயிற்றுக்குள் சுரங்கத்தில் பக்கவாட்டில், குட்டி ரயில்போல, ஏறத்தாழ 236 மீட்டர் ஓடும். பிறகு நிற்கும். கோளாறோ என்று முதல்முறை ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஊர்க்காரர் நிதானமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் பெட்டி செங்குத்தான லிஃப்டுக்கு மாறுகிறது. அப்படியே 72 மீட்டர் மேலே. நீங்கள் இறங்கி ஏற வேண்டியதில்லை. மேலே கடலோடியான கேப்டன் தல்பெர்திஸ் 1886 முதல் 1892 வரை கட்டிய கோட்டை வீடு இருக்கிறது. இப்போது உலகப் பண்பாட்டு அருங்காட்சியகம். உள்ளே போகாவிட்டாலும் துறைமுகம் முழுவதும் காலடியில் விரியும். 77 மீட்டர் உயர லான்தெர்னா கலங்கரை விளக்கத்தை இங்கிருந்தே காட்டிவிடுங்கள். அதன் அடிக்குப் போவதும் படி ஏறுவதும் முழங்கால்காரர்களுக்கு வேண்டாத வேலை.

பொதுவாக எல்லோரும் சொல்லும் யோசனை, ‘லிஃப்டில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள்’. உங்கள் இருவருக்கும் அது சரி. ‘கிரோசா’ என்னும் செங்குத்துச் சந்துகள், நடுவில் செங்கல்லும் ஓரத்தில் கூழாங்கல்லும் பதித்தவை, அழகுதான். ஆனால் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை. மழை பெய்த மறுநாள் அந்தச் செங்கல் வழுக்கும். அம்மாவுக்கு ஏறவும் லிஃப்ட், இறங்கவும் லிஃப்ட்.

கீழே வந்து, வியா பால்பி வழியாகக் கிட்டத்தட்ட சமதளமாகவே நடந்தால் நுன்சியாத்தா தேவாலயம், ஸெக்கா சதுக்கம், வியா கரிபால்டி என்று வரிசையாக வரும். வியா கரிபால்டியின் நீளம் 250 மீட்டர்தான், அகலம் ஒரு லாரி புகும் அளவு. இரண்டு பக்கமும் 16ஆம் நூற்றாண்டு வங்கிக் குடும்பங்களின் அரண்மனைகள். அரசு விருந்தினர் வந்தால் எந்த வீட்டில் தங்கவைப்பது என்று அன்றைய ஜெனோவா குடியரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. ‘ரோல்லி’ என்று பெயர். அந்தப் பட்டியலில் இருந்த மாளிகைகளில் 42 இப்போது யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கின்றன, 2006 முதல். ரோஸ்ஸோ, பியான்கோ, துர்சி மூன்று மாளிகைகளுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு. மூன்றையும் முழுமையாகப் பார்த்தால் அம்மா மட்டுமல்ல, நீங்களும் களைத்துவிடுவீர்கள். ரோஸ்ஸோவில் வான் டைக் வரைந்த உருவப்படங்கள், துர்சியில் பகனினி வாசித்த வயலின் (குவர்னேரி 1743இல் செய்தது, ‘பீரங்கி’ என்று செல்லப்பெயர்) போதும். துர்சிதான் நகராட்சி அலுவலகமும், முற்றத்தை எட்டிப்பார்க்கலாம்.

மாலை 7 மணிக்கு மேல் காஸ்டெல்லெட்டோ. வியா கரிபால்டி முடியும் ஃபொன்தானே மரோஸே சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் போர்டெல்லோ. ஓடு பதித்த சுரங்கப்பாதை வழியே உள்ளே போனால் 1909இல் திறந்த லிஃப்ட். மேலே இறங்கியதும் படியே இல்லாத மொட்டைவெளி, பெஞ்சுகள் உண்டு. சாம்பல்நிறப் பலகைக்கல் கூரைகள், தேவாலயக் கோபுரங்கள், கிரேன்கள், அவற்றுக்குப் பின்னால் கடல். ஏப்ரலில் சூரியன் மறைய இரவு 8 மணி ஆகும், அவசரப்படாதீர்கள். போகும் முன் லிஃப்ட் வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஒருமுறை பாருங்கள். ‘ஃபுவோரி செர்விட்சியோ’ என்றிருந்தால் ஓடவில்லை. பராமரிப்புக்காக இவற்றை அவ்வப்போது நிறுத்துவார்கள். அப்படியானால் ஸெக்கா சதுக்கத்துக்குப் போய் ரீகி விஞ்சில் ஏறுங்கள். ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், 7 நிறுத்தம், நேரே மொட்டைமாடி.

சாப்பாடு

சைவம் என்று சொன்னதும் இத்தாலியில் எல்லோரும் பீட்சாவைக் காட்டுவார்கள். இங்கே அதற்கு அவசியமில்லை. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இந்த நான்கும் சேர்ந்தது ஃபரினாட்டா. வண்டிச்சக்கரம் அகலச் செம்புத் தட்டில் நீர்க்க ஊற்றி விறகு அடுப்பில் வேகவைப்பார்கள். மேலே பொன்னிறமாகப் பொரிந்திருக்கும், உள்ளே தோசைக்கும் களிக்கும் நடுவிலான பதம். மிளகு தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறிவிட்டால் ரப்பர். கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டிவைத்த துண்டை வாங்காமல், அடுப்பிலிருந்து அடுத்த தட்டு வரும்வரை நில்லுங்கள். துறைமுகத்தை ஒட்டிய சொட்டோரீபா வளைவுக்கடைகளிலும் சந்துகளிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அதனால் சனி இரவே முடித்துவிடுங்கள். சின்ன மீன் போட்ட வகையும் உண்டு. ‘பியான்கெத்தி’ என்று காதில் விழுந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள்.

கடை தேடும்போது ஒரு குழப்பம் வரும். இந்த ஊரில் வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்குச் சிவப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேடுங்கள். போன் வரைபடம் சந்துக்குள் தடுமாறும். வழி தவறினால் இறக்கமான பக்கம் நடங்கள், துறைமுகம் வந்துவிடும்.

காலையில் ஃபொக்காச்சா, ஆலிவ் எண்ணெய் தடவிச் சுட்ட தட்டை ரொட்டி. எடை போட்டு விற்பார்கள். ‘உன் எத்தோ’ என்றால் 100 கிராம். ஊர்க்காரர்கள் அதைக் கப்புச்சினோவில் முக்கியே சாப்பிடுகிறார்கள், நாம் பன்னை டீயில் முக்குவதுபோல. சில கடைகளில் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள்; ‘ஸ்ட்ருட்டோ?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பெஸ்டோ (பேசில் இலை அரைத்த பச்சைச் சட்னி) போட்ட திரோஃபியே பாஸ்தா: கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து உருட்டியது, உருளைக்கிழங்கும் பீன்ஸும் கூட வரும். பெஸ்டோவில் இருக்கும் பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியில் உறைய வைப்பது. அது அம்மாவுக்கு ஆகாது என்றால் முன்பே தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் சமயம் எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கும் கீரைப் பை, ‘தோர்தா பஸ்குவாலினா’, சைவம்போலத் தெரியும். உள்ளே முழு முட்டை இருக்கும். சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘ஸென்ஸா கார்னே, ஸென்ஸா பேஷே, ஸென்ஸா உவோவா’. கறி, மீன், முட்டை மூன்றும் அதில் அடங்கிவிடும். மீனைத் தனியே சொல்வது முக்கியம். நெத்திலி மாதிரியான அச்சூகேயைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் நேர்வி. பிரிஞோலேயிலிருந்து கிழக்கே போகும் உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம் (ரயில் சீட்டைத் தனியே வாங்கிவிடுங்கள்). நிலையத்துக்குக் கீழேயே கடல். பாறைகளை ஒட்டி அனித்தா கரிபால்டி நடைபாதை, ஏறத்தாழ 2 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், வண்டி எதுவும் வராது. அம்மாவால் முடிந்தவரை நடந்து திரும்பினால் போதும். காற்று பலமாக அடிக்கும் நாளில் அலை பாதையின்மேலேயே விழும், அப்போது மூடிவிடுவார்கள். பக்கத்துக் கடலோர ஊரான போர்டோஃபினோ போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: அங்கே ரயில் இல்லை, கூட்டம் மட்டும் இருக்கிறது.

மதியம் நகரத்துக்குத் திரும்பி, கீழ்த்தளம். சான் லொரென்சோ பேராலயத்தைப் பிற்பகலுக்கு வைத்தது காரணத்தோடுதான்; ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். உள்ளே வலப்பக்கம் ஒரு பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று கப்பலிலிருந்து வந்து விழுந்து வெடிக்காமல் போனது. அங்கிருந்து இறக்கமாக நடந்தால் பழைய துறைமுகம். நடுவில் குறுக்கிடும் மேம்பாலம் 1965ஆம் ஆண்டுத் தவறு. அதைக் கடந்துவிட்டால் 1992இல் ரென்சோ பியானோ வடிவமைத்துத் திறந்துவிட்ட நீர்முகப்பு. மீன் காட்சியகம் குழந்தைகளோடு வருபவர்களுக்கு. உங்களுக்கு அது அரை நாளைத் தின்றுவிடும். திரும்ப நடக்க வேண்டாம். சான் ஜோர்ஜோ மெட்ரோவிலிருந்து இரண்டாவது நிறுத்தம் பிரின்ச்சிபே.

எது கெடுக்கலாம்? இரண்டு. ஒன்று வேலைநிறுத்தம், ‘ஷோபெரோ’. தேதி முன்பே அறிவிக்கப்படும், பெரும்பாலும் வெள்ளியை ஒட்டி வரும். புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மழை. ஏப்ரலில் பயம் குறைவு, ஆனால் இதே பயணத்தை அக்டோபர், நவம்பருக்குத் தள்ளிப்போட்டால் கவனம்: மலையிலிருந்து நேரே கடலுக்கு இறங்கும் குட்டி ஆறுகள் சில மணி நேரத்திலேயே பெருகிவிடும், 2011இலும் 2014இலும் நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. சிவப்பு எச்சரிக்கை விட்டால் அருங்காட்சியகங்களையும் பூங்காக்களையும் மூடிவிடுவார்கள், பயணத்தை மாற்றுவதே புத்தி.

ஞாயிறு மாலை மிலானுக்குத் திரும்பும் ரயில்களில், வெயில் வந்துவிட்டால், கடற்கரைக்கு வந்த மிலான் கூட்டம் மொத்தமும் ஏறும். ரெஜியோனாலேயில் இருக்கை குறிக்க முடியாது. வாசலோரம் நின்றபடி போக நேரிடும். அம்மாவோடு போவதால் இன்டர்சிட்டியில் மூன்று இருக்கைகளை இப்போதே போட்டுவிடுங்கள்.