தையில் கல்யாணம், மைனஸ் 5 பவர்: லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: வயது 23, ஊர் திருமங்கலம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5, சிலிண்டர் மைனஸ் 1. தை மாதம் கல்யாணம். அதற்குள் கண்ணாடியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். லேசர் பாதுகாப்பானதா? எந்த முறை நல்லது?

பதில்:

பவரை வைத்தோ முகூர்த்தத் தேதியை வைத்தோ இதை முடிவு செய்யாதீர்கள். கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கருவிழியின் தடிமனும் வடிவமும்தான் முடிவு செய்ய வேண்டும். மைனஸ் 5 லேசரில் சரியாகக்கூடிய பவர்தான். ஆனால் ஒரே பவர் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தாராளமாகச் செய்யலாம், இன்னொருவருக்குச் செய்யவே கூடாது. இந்த வித்தியாசம் கண்ணாடிச் சீட்டில் தெரியாது.

முதலில் பவர் நின்றுவிட்டதா என்று பாருங்கள். கடைசி ஓராண்டில், முடிந்தால் இரண்டாண்டில், 0.5-க்கு மேல் மாறியிருக்கக் கூடாது. பழைய சீட்டு தொலைந்திருந்தால் பழைய கண்ணாடிகளை எடுத்துப் போங்கள்; லென்ஸ்மீட்டரில் வைத்தால் அப்போதைய பவர் தெரிந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும் பவரில் லேசர் செய்தால் ஏற்றம் நிற்காது, இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடி வந்துவிடும். சிலிண்டர் (கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பதற்கான பவர்) மட்டும் வருடா வருடம் ஏறுகிறது, அந்தத் திசையைக் காட்டும் அச்சும் மாறுகிறது என்றால் அது வேறு வகையான எச்சரிக்கை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் பரிசோதனைக்கு முன்பே நிறுத்த வேண்டும். மென்லென்ஸ் ஒரு வாரம், சிலிண்டர் உள்ள மென்லென்ஸ் இரண்டு வாரம், செமி சாஃப்ட் மூன்று நான்கு வாரம். லென்ஸ் கருவிழியை லேசாக அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். நேற்றுவரை போட்டுவிட்டு இன்று எடுத்த அளவை வைத்து யாராவது லேசருக்குத் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம், கருவிழியின் வடிவத்தைப் படம் எடுக்கும் டோபோகிராபி. பென்டகாம் போன்ற கருவியில் நெற்றியையும் தாடையையும் பொருத்தி, சில வினாடி இமைக்காமல் பார்த்தால் போதும். வலி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. வெளியே வரும் வண்ணப் படத்தை உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள். தட்டையான இடம் நீலம், வளைவு கூடக்கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போகும். சிலிண்டர் உள்ள கண்ணில் மேலும் கீழும் ஒரே அளவில் ஒரு 'போ டை' முடிச்சு மாதிரி தெரிவது சாதாரணம். கீழ்ப்பாதி மட்டும் சிவந்து பருத்திருந்தால், இரண்டு கண் படங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கருவிழியின் பின்பக்கம் வெளியே தள்ளியிருந்தால், கெரட்டோகோனஸ் என்ற கூம்புக் கருவிழி நோயின் தொடக்கமா என்று சந்தேகப்பட வேண்டும். சிலிண்டரும் அச்சும் மாறிக்கொண்டே இருப்பதும் அதன் அடையாளம்தான். பார்வை கண்ணாடியோடு முழுசாகத் தெரியும் கட்டத்திலேயே இது படத்தில் காட்டிக்கொடுக்கும்.

அப்படிப்பட்ட கண்ணில் லேசர் போட்டால் என்ன ஆகும்? கருவிழியின் வலு அதன் முன்பக்க இழைகளில்தான் அதிகம். லேசிக் அவற்றைத்தான் வெட்டுகிறது. மெலிந்த இடத்தில் ட்யூப் அழுத்தி டயர் புடைப்பது போல, கண்ணின் உள்ளழுத்தம் மெலிந்த கருவிழியை மெல்ல முன்னே தள்ளும். இதை எக்டேசியா என்பார்கள். மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். வந்தால் கருவிழி இழைகளை இறுக்கும் சி3ஆர் சிகிச்சை செய்து மேலும் புடைக்காமல் நிறுத்தப் பார்ப்பார்கள்; பழைய வடிவத்தைத் திரும்பக் கொடுக்க முடியாது. அரிதுதான், ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடியது என்பதால்தான் இந்தப் படத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். சிறு வயதிலிருந்து கண் அரிப்பும் அலர்ஜியும் இருந்து, கையால் கசக்கும் பழக்கம் உண்டா? இந்த ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அது நிறையப் பேருக்கு உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கசக்குவது கருவிழியை மெலியவைக்கும் காரணங்களில் ஒன்று.

தடிமன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சராசரிக் கருவிழி 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இருக்கும். 6.5 மி.மீ. வட்டத்தில் லேசர் போட்டால் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் கரையும். உங்களுக்கு 5-ம் சிலிண்டர் 1-ம் சேர்த்து 6 பவர், ஆக 84. லேசிக்கில் மூடி போல வெட்டித் தூக்கும் மேலடுக்கு, அதாவது ஃபிளாப், 110 என்று வையுங்கள். கருவிழி 530 என்றால் அடியில் 336 மிஞ்சும், நல்லது. 490 என்றால் 296. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, 300 வேண்டும் என்று பார்ப்பவர்கள் பலர். மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு கணக்கு. 490-ல் 194 போனால் கிட்டத்தட்ட அந்த விளிம்பிலேயே நிற்கிறீர்கள். "வட்டத்தை 6 மி.மீ.க்குச் சுருக்கிக்கொள்ளலாம், 12 மைக்ரான் மிச்சமாகும்" என்று சொன்னால், இருட்டில் உங்கள் கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கருந்துளை) எவ்வளவு விரிகிறது என்று கேளுங்கள். வட்டத்தைவிட அது பெரிதாக விரிந்தால், இரவில் நாலுவழிச் சாலையில் எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றையும் சுற்றி வளையம் தெரியும்.

எந்த முறை என்பது இந்த எண்கள் வந்த பிறகு பேச வேண்டியது. லேசிக்கில் மறுநாளே தெளிவாகத் தெரியும், ஆனால் ஃபிளாப் உண்டு. பலத்த அடி பட்டால் அது நகரக்கூடும். கபடி, சிலம்பம் ஆடுபவர்களுக்கும் மாடுபிடிக்கப் போகிறவர்களுக்கும் பிஆர்கே நல்லது. அதில் ஃபிளாப் கிடையாது, மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் போடுவார்கள், மெல்லிய கருவிழிக்கும் ஏற்றது. ஆனால் மூன்று நான்கு நாள் நல்ல வலியும் கூச்சமும் இருக்கும், தோல் வளரும்வரை பேண்டேஜ் லென்ஸ் கண்ணில் இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். வெயில் பட்டால் கருவிழியில் மங்கல் படியலாம் என்பதால் மதுரை வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் கட்டாயம். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியாக உள்ளே இருந்து ஒரு சில்லை உருவி எடுப்பார்கள். ஃபிளாப் இல்லை, வறட்சியும் சற்றுக் குறைவு. மெல்லிய கருவிழிக்கு ஸ்மைல்தான் சரி என்று விளம்பரம் பேசுவதை நம்பாதீர்கள். அது எடுக்கும் திசு லேசிக்கை விடக் குறைவு இல்லை.

கண் வறட்சியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேசர் கருவிழி நரம்புகளை வெட்டுவதால் கண்ணீர் குறையும், பலருக்கு ஆறு மாதம்வரை உறுத்தும். கண்ணீரை அளக்க இமையில் வைக்கும் ஷிர்மர் தாள் ஐந்து நிமிடத்தில் 10 மி.மீ.க்குக் கீழே நனைந்தால் முதலில் வறட்சிக்கு வைத்தியம், அப்புறம்தான் லேசர்.

விழித்திரையையும் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மைனஸ் கண் நீளமான கண். ஓரத்தில் மெலிந்த இடமோ ஓட்டையோ இருந்தால் அதற்குத் தனி லேசர் முதலில் போடுவார்கள். கண்ணாடி போன பிறகும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். திடீரெனக் கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ புள்ளிகள் மிதந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். லேசிக் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னால், பிஆர்கே என்றால் மூன்று மாதம் முன்னால் முடித்திருங்கள். அதாவது லேசிக் ஐப்பசிக்குள், பிஆர்கே புரட்டாசிக்குள். கண் மை, மேக்கப் இரண்டு வாரம் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது சீயக்காயும் ஷாம்பூவும் கண்ணில் இறங்காமல் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள். ஹோமப் புகை வறண்ட கண்ணை வாட்டி எடுத்துவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாளில் குறைத்து நிறுத்துங்கள். மெடிக்கலில் தானாக வாங்கித் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும் என்பதால் அப்போது லேசர் செய்வதில்லை. ஐப்பசி தாண்டிவிட்டால் கல்யாணத்துக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு, லேசரை நிதானமாக அப்புறம் யோசியுங்கள். அவசரத்துக்குச் செய்யும் ஆபரேஷன் இல்லை இது.

போலீஸ், ராணுவம், ரயில்வே வேலைக்கு முயற்சி செய்பவர் என்றால் அந்த அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். சில பணிகளுக்கு லேசர் செய்த கண்ணை ஏற்பதில்லை. இன்சூரன்சை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள், 7.5-க்குக் குறைந்த பவருக்கு வழக்கமான பாலிசிகள் பணம் தருவதில்லை.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம் மதுரை. கண் வைத்தியத்துக்கு இங்கே பஞ்சமில்லை, இரண்டாவது இடத்தில் படம் எடுத்து ஒப்பிட சென்னை போக வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றால் மூன்றாவது இடம் தேடாதீர்கள். கருவிழி மெலிசு என்பது மட்டும் காரணமாக இருந்து, கண்ணின் முன்னறை ஆழம் போதுமானதாக இருந்தால், கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் பற்றிக் கேட்கலாம், செலவு கூடுதல்.

செய்வதாக முடிவானால் முந்தைய பவர், டோபோகிராபிப் படம், தடிமன், எவ்வளவு மைக்ரான் எடுத்தார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் நகல் வாங்கி நகைப் பெட்டியோடு வையுங்கள், செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். அறுபது வயதில் புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் மிகவும் உதவும். கண் அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் "லேசர் செய்த கண்" என்று சொல்லிவிடுங்கள். மெலிந்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும்.